ரத்தப் புற்றுநோயில் ஜெயித்த கார்-டி செல்... கட்டிகளிடம் திணறுவது ஏன்?

நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுப்பார்கள். புற்றுநோயை அடையாளம் காட்டும் மரபணுவை ஆய்வகத்தில் அவற்றுக்குள் செலுத்தி, கோடிக்கணக்கில் பெருக்கி, மறுபடியும் உடம்பில் ஏற்றுவார்கள். இதுதான் கார்-டி செல் சிகிச்சை. ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்கா இதை 2017-ல் அனுமதித்தது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் கைகோத்ததில் உருவான நெக்ஸ்கார்19-க்கு 2023-ல் இந்தியாவும் ஓகே சொன்னது.

சரி, நுரையீரல், குடல், வயிறு போன்ற உறுப்புகளில் வரும் கட்டிகளுக்கும் இதையே கொடுத்தால் என்ன? அங்கேதான் சிக்கல்.

முகவரிப் பிரச்னை

கார்-டி செல் ஒரு முகவரியை வைத்துத்தான் தாக்கும். பி செல் வகை ரத்தப் புற்றுநோயில் அந்த முகவரி, சிடி19 என்ற புரதம். நல்ல பி செல்களிலும் இது உண்டு; அதனால் அவையும் சேர்ந்தே அழியும். ஆனா, பி செல்கள் இல்லாமலும் வாழ முடியும். குறையும் எதிர்ப்பொருளை மருந்தாக ஏற்றிக்கொள்ளலாம். நுரையீரல் அப்படி இல்லையே!

2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வறிக்கை இதை வலியோடு உணர்த்தியது. குடல் புற்றுநோய் பரவிய ஒருவருக்கு, ஹெர்2 புரதத்தைக் குறிவைக்கும் செல்களை ஏற்றினார்கள். நுரையீரல் செல்களிலும் அந்தப் புரதம் கொஞ்சம் உண்டு. களை எடுக்கப் போன கை பயிரையும் பிடுங்கியது என்பதே மருத்துவர்களின் கணிப்பு. ஐந்தே நாளில் அவர் இறந்துபோனார்.

கோட்டைக்குள் எதிரி

முகவரி சரியாக இருந்தாலும், கட்டியைச் சுற்றியுள்ள நார்த்திசுவைத் தாண்டி உள்ளே நுழைவது கஷ்டம். நுழைந்தாலும் ஆக்சிஜன் குறைவு. டி செல்களைச் சோர்வாக்கும் சிக்னல்கள் வேறு. போதாததுக்கு, ஒரே கட்டியில் எல்லா செல்லுக்கும் ஒரே முகவரி இருக்காது.

வழி திறக்கிறதா?

2024 ஆகஸ்டில், சைனோவியல் சார்கோமா என்ற அரிய புற்றுநோய்க்கு டெசெல்ரா சிகிச்சையை அமெரிக்கா அனுமதித்தது. இதுவும் மாற்றியமைத்த டி செல்தான். ஆனா கார் வகை அல்ல. 2025-ல் வெளியான சீன ஆய்வில், முற்றிய வயிற்றுப் புற்றுநோய் மோசமாகாமல் இருந்த காலம் வழக்கமான சிகிச்சையில் 1.77 மாதம், கார்-டி செல்லில் 3.25 மாதம். சின்ன முன்னேற்றம்தான். ஆனா, கட்டியிலும் இது வேலை செய்யும் என்பதற்கு அது சாட்சி.

குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் என்றால், 'கார்-டி செல் இருக்காமே' என்று வரும் ஃபார்வர்டை நம்பிப் பணம் புரட்டும் முன், மருத்துவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: 'இந்தப் புற்றுநோய்க்கு இதை அனுமதித்திருக்கிறார்களா, இல்லை இன்னும் சோதனையில்தான் இருக்கிறதா?' நெக்ஸ்கார்19 அனுமதி பெற்றிருப்பது பி செல் வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டும்தான்.