பழைய லேப்டாப்: உள்ளே இருப்பது என்ன?

தில்லி நேரு பிளேஸில் பழைய லேப்டாப் வாங்க வருகிறவர்களை மயக்குவது மூடியின் பளபளப்பும் மேலே ஒட்டிய ஸ்டிக்கரும்தான். விவரமான ஆசாமிகள் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவோடு வருகிறார்கள். அதிலிருந்தே இயந்திரத்தைக் கிளப்பி, கறுப்புத் திரையில் 'எல்.எஸ்.பி.சி.ஐ.' என்று தட்டினால் உள்ளிருக்கும் சிப்புகள் வரிசையாகப் பெயர் சொல்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இன்டெல்லின் எண் 8086. 1978-ல் அது வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் பெயரேதான். யாரோ ஒரு குறும்புக்காரரின் வேலை!

நினைவகம் எத்தனை துண்டு என்பதை 'டி.எம்.ஐ.டிகோட்' காட்டும். ஆனால் பணம் கொடுப்பவர் முக்கியமாகப் பார்க்க வேண்டியது 'ஸ்மார்ட்சி.டி.எல்.' தரும் கணக்கு. டிஸ்க் இதுவரை ஓடிய மணி நேரம் அதில் இருக்கிறது. 20,000 என்று வந்தால், தினம் 8 மணி நேரம் வீதம் ஏறக்குறைய 7 வருட உழைப்பு. 'ஆறே மாதம் பழசு' என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகும்.

டி.எம்.ஐ.டிகோட் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அது வன்பொருளை நேரடியாகச் சோதிப்பதில்லை. தயாரிப்பாளர் பயாஸில் எழுதி வைத்ததையே ஒப்பிக்கிறது.