ஆமையின் ஆயுள்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா" என்பது நம் நாட்டுப் பழமொழி. அமீனா புகுந்தால் பாத்திரம் பண்டமெல்லாம் ஏலத்துக்குப் போகும். அது விளங்குகிறது. பாவம், ஆமை என்ன செய்தது? நம் தமிழ் மன்றத்து நண்பர் ஒருவர் இதற்கு நயமாகப் பொருள் சொல்வார். பழமொழியில் வரும் ஆமை நாற்கால் ஆமை அன்றாம். பொறாமை, கல்லாமை, முயலாமை என்னும் சொற்களின் ஈற்றில் நிற்கும் 'ஆமை'யாம். பட்டிமன்றத்தில் கைதட்டல் பெறத்தக்க விளக்கந்தான். ஆனால் எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிழவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். மழைநாளில் வாசற்படியேறி வந்த குளத்தாமையைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு, தலை முழுகி வீடு திரும்பியவர்கள் அவர்கள்.

அதே மக்கள்தாம் திருமாலின் அவதாரங்களுள் ஒன்றாக ஆமையை வணங்குகிறார்கள். ஐம்புலன் அடக்கத்துக்கு உவமை வேண்டியபோது வள்ளுவரும் ஆமையைத்தான் தேர்ந்தெடுத்தார். அச்சமும் மதிப்பும் ஒன்றாகக் கலந்த இந்த மனநிலைக்கு ஆமையின் வயதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறக்கும்போதே அதற்குக் கிழத்தோற்றம். அதற்குப் பிறகோ, அது மேலும் கிழமாவதாகத் தெரிவதில்லை. பாட்டன் கண்ட ஆமையைப் பேரனும் காண்கிறான். பாட்டன் போய்விட்டார்; ஆமை இருக்கிறது. மனிதனுக்கு இது சற்றே மனக்கலக்கம் தரும் செய்தி அல்லவா?

சரி, ஆமை எத்தனை ஆண்டு வாழும்? இருநூறு, முந்நூறு என்று வாய்க்கு வந்தபடி சொல்வது எளிது. கொல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலையில் அத்வைதா என்றொரு பேராமை இருந்தது. இந்துமாக்கடலிலுள்ள அல்டாப்ரா தீவின் இனம். எடை சுமார் 250 கிலோ. 2006 மார்ச்சில் அது இறந்தபோது, இராபர்ட் கிளைவின் தோட்டத்தில் வளர்ந்தது, வயது 250க்கு மேல் என்றெல்லாம் செய்தித்தாள்கள் எழுதின. கிளைவ் கதை செவிவழிச் செய்தி. அதை ஒதுக்கிவிடுவோம். 1870களில் அது காட்சிச்சாலைக்கு வந்தது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அங்கே கழித்த காலமே 130 ஆண்டு! வந்தபோதே அது வளர்ந்த ஆமை.

அட்லாண்டிக் கடலிலுள்ள செயின்ட் ஹெலினா தீவின் ஆமை ஜானதனுக்கு இதைவிட நல்ல சான்று உண்டு. 1882இல் அது சீசெல்சிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டது. 1880களில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்றில் ஆளுநர் மாளிகைத் தோட்டத்தில் அது முழு வளர்ச்சியோடு நிற்கிறது. அத்தகைய ஆமை முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆகும். ஆகவே 1832ஐ ஒட்டிப் பிறந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2022இல் அதற்கு 190ஆம் பிறந்த நாள் கொண்டாடினார்கள். நெப்போலியன் சிறையிருந்து மாண்ட தீவில் ஓர் ஆமைக்குப் பிறந்த நாள் விழா!

ஓட்டிலுள்ள வளையங்களை எண்ணினால் வயது தெரியாதா என்று கேட்கலாம். மரத்தின் வளையங்களைப் போல ஓட்டுச் சில்லுகளிலும் வளர்ச்சி வரைகள் விழுவது உண்மை. ஆனால் நல்ல மழை பெய்த ஆண்டில் இரண்டு வரை விழலாம்; பஞ்சத்தில் ஒன்றும் விழாமற்போகலாம். வளர்ச்சி நின்ற பிறகு வரைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, பாறையிலும் புதரிலும் உரசித் தேய்ந்து மறைந்துவிடும். இளம் ஆமையின் வயதை ஒருவாறு சொல்லலாம். கிழ ஆமைக்கு மனிதர் எழுதிவைத்த ஏடுதான் சாதகம்.

இவ்வளவு நீண்ட வாழ்வு எப்படி வாய்த்தது? "மெல்ல நடக்கிறது, மெல்ல மூச்சு விடுகிறது, ஆகவே நெடுநாள் வாழ்கிறது" என்பது பாதி விடைதான். உடலைச் சூடாக வைத்திருக்க ஆமை உணவை எரிப்பதில்லை. வெயிலிடமே சூட்டைக் கடன் வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஓணானும் அப்படித்தானே? அது சில ஆண்டுகளில் மாண்டுபோகிறதே? மீதி விடை ஓட்டில் இருக்கிறது. எலியைப் பாருங்கள். இன்றில்லாவிட்டால் நாளை அதைப் பூனையோ ஆந்தையோ கொண்டுபோகும். பத்தாண்டு தாங்கும் உடல் அதற்கு எதற்கு? இயற்கை அதன் உடலைப் பழுது பார்ப்பதில் செலவு செய்வதில்லை. விரைந்து குட்டி போட்டுவிட்டுப் போ என்கிறது. ஆமைக்கு ஓடு முற்றிவிட்டால் பகை குறைவு. நாளையும் உயிரோடு இருக்கும் என்ற உறுதி ஓரளவு உண்டு. ஆகவே உடலைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளும் ஆமைக்கே வழித்தோன்றல்கள் மிகுந்தன. 2018இல் பேராமைகளின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், மரபணுச் சிதைவைச் சீர் செய்வதிலும் புற்றுநோயைத் தடுப்பதிலும் தொடர்புடைய பகுதிகளில் தனி மாறுதல்களைக் கண்டார்கள்.

2022இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. காட்சிச்சாலைகளில் வாழும் 52 ஆமை இனங்களின் பிறப்பு இறப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மனிதருள் முப்பது வயதினர் அடுத்த ஆண்டில் இறக்கும் வாய்ப்பைவிட எண்பது வயதினர் இறக்கும் வாய்ப்புப் பன்மடங்கு. ஆமைகளிலோ, ஏறத்தாழ முக்கால் பங்கு இனங்களில் இந்த ஏற்றம் மிக மெதுவாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை. சாகா வரம் என்று இதற்குப் பொருளல்ல. நோயும் விபத்தும் ஆண்டுதோறும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். வயது ஏறியதற்காகத் தனி வரி இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் இந்த வாழ்வுக்கு ஒரு விலை உண்டு. ஆமை வயதுக்கு வரவே பல ஆண்டு ஆகும். முட்டைகளும் குஞ்சுகளும் பெரும்பாலும் நரிக்கும் உடும்புக்கும் பன்றிக்கும் இரையாகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு நான்கு முட்டையிடும் பெண்ணாமை ஒன்று நாற்பது ஆண்டு இட்டால் 160 முட்டை. அவற்றுள் இரண்டு தேறி வளர்ந்தால் இனம் குறையாது. அதே ஆமையை ஐந்தாம் ஆண்டில் ஒருவன் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? இருபது முட்டைகளோடு கணக்கு முடிந்தது, இரண்டு தேறாது. வேகமாகப் பெருகும் முயலை வேட்டையாடினால் ஈடு செய்துகொள்ளும். ஆமையால் முடியாது. அமெரிக்காவில் மிச்சிகனில் ஆமைகளை நெடுங்காலம் கவனித்தவர்கள் 1993இல் வெளியிட்ட முடிவும் இதுவே. வளர்ந்த ஆமைகளின் சாவு சிறிதளவு கூடினாலும் இனம் சரியத் தொடங்கும்.

காலாபகஸ் தீவுகளில் நடந்ததும் இதுதான். தீனியும் நீருமின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும் என்பதால் மாலுமிகள் பேராமைகளைக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிவைத்து, வேண்டும்போது அறுத்துத் தின்றார்கள். சாகாத் திறனே அதற்குச் சாவாயிற்று. பிண்டா தீவின் கடைசி ஆமை 2012இல் காப்பகத்தில் இறந்தது. அல்டாப்ரா மட்டும் தப்பியது. 1874இல் டார்வின் முதலிய அறிஞர்கள் கையெழுத்திட்டு மொரீசியசு ஆளுநருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். இன்று அங்கே சுமார் ஒரு லட்சம் ஆமைகள் உள்ளன.

இனி நம் மலைக்கு வருவோம். பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் வந்து பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போகவேண்டும். எல்லைக்கோடு வரைந்தவர்கள் மலையைக் கேட்கவில்லை போலும்! அங்கே போகிறவர்கள் எல்லாரும் கன்னிமாரா என்னும் பெருந்தேக்கைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் வழிகாட்டியாக வந்த காடர் இனத்துப் பெரியவர் சட்டென்று நின்று, மூங்கிற் சருகை விரலால் காட்டினார். முதலில் கல் என்றே எண்ணினேன். ஒரு முழத்துக்கும் குறைவு. மண்ணிற ஓடு, கண்ணையும் மூக்கையும் சுற்றி வெற்றிலைபோட்ட வாய்போலச் செம்மை.

"எத்தனை வயசு இருக்குங்க, அய்யா?" என்று கேட்டேன்.

"அதுகிட்டே கேளுங்க தம்பி" என்றார்.

அதுதான் திருவாங்கூர் ஆமை. 1907இல் பௌலெஞ்சர் என்னும் விலங்கியலார் பெயரிட்டது. மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பரம்பிக்குளத்திலும் இடுக்கிக் காடுகளிலும் நம் ஆனைமலையிலும் உண்டு. இது இந்தோனேசியாவின் செலிபீசுத் தீவு ஆமையே என்று நெடுநாள் கருதியிருந்தார்கள். 2001இல் மரபணுவைப் பார்த்து வேறென்று தெளிந்தார்கள். புல், பழம், காளான் தின்னும். நத்தையும் மரவட்டையும் கிடைத்தாலும் விடாது. இணைசேரும் பருவத்தில் ஆண்கள் ஓட்டோடு ஓடு மோதிச் சண்டையிடும். ஒரு முறைக்கு ஐந்துக்கு மேற்படாத முட்டைகளே இடும். முன்னே போட்ட கணக்கை இங்கே நினைவு கொள்க. காட்டுத்தீயும் வேட்டையும் இதைக் குறைத்துவிட்டன.

இதே காடுகளில் இன்னும் சிறிய ஆமை ஒன்று உண்டு, உள்ளங்கையளவுதான். மலையாளத்தில் சூரல் ஆமை, நம் தமிழில் பிரம்பாமை எனலாம். சென்னை அருங்காட்சியகத்தின் ஹெண்டர்சன் 1912இல் கொச்சி அரசின் காடுகளிலிருந்து கிடைத்த இரண்டை வைத்து அதற்குப் பெயரிட்டார். அதன்பிறகு 70 ஆண்டு ஆராய்ச்சியாளர் எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்தது என்றே பலர் எண்ணினர். 1982இல் அதைத் தேடிக் கண்டவர் ஜெ. விஜயா என்னும் பெண். கல்லூரி மாணவியாகச் சென்னைப் பாம்புப் பண்ணைக்குத் தொண்டு செய்யப் போனவர். இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆராய்ச்சியாளர் என்று போற்றப்படுபவர். சாலக்குடிப் பக்கத்துக் காட்டில் குகையொன்றில் தங்கி, காடர்களின் துணையோடு அந்த ஆமையின் வாழ்வை ஆராய்ந்தார். 1987இல், முப்பது வயதை எட்டுமுன்னே, இறந்துபோனார். 2006இல் அந்த ஆமையின் பேரினத்துக்கு 'விஜயாகெலிஸ்' என்று பெயரிட்டார்கள். 'கெலிஸ்' என்றால் கிரேக்கத்தில் ஆமை. விஜயாவின் ஆமை! நம் மன்றத்தில் எத்தனையோ பேருக்குப் படம் திறக்கிறோம். இவருக்கும் ஒன்று திறக்கலாம்.

மலைக்கு மறுபுறம், உடுமலையிலிருந்து மறையூர் போகும் வழியில், இடுக்கி மாவட்டத்துச் சின்னாறு சரணாலயம். மலை மறைவால் மழை குறைந்து, முள்ளும் கள்ளியும் நிறைந்த நிலம். கேரளம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அங்கே இருப்பது நட்சத்திர ஆமை. கரிய ஓட்டில் மஞ்சள் கதிர்கள். அந்த அழகே அதற்குக் கேடு. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நாம் சொல்கிறோம். செல்வம் கொழிக்கும் என்று வெளிநாட்டில் விலை கொடுத்து வாங்குகிறார்கள்! 2015இல் வெளியான ஆய்வொன்று, தென்னிந்தியாவில் ஒரே வட்டாரத்திலிருந்து ஓராண்டில் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. 2019இல் உலக நாடுகள் கூடி இதன் வாணிகத்தை அடியோடு தடுத்தன. ஆயினும் நம் விமான நிலையங்களில் பெட்டிகளுக்குள் துணி சுற்றிய ஆமைகள் பிடிபட்டவண்ணமே இருக்கின்றன.

அவ்வாறு மீட்டவற்றுள் சிலவற்றைச் சின்னாற்றுக்குக் கொண்டுவந்து, வேலிக்குள் வைத்துப் பழக்கிப் பின் காட்டில் விட்டார்கள். நல்ல வேலைதான், ஆனால் எளிய வேலை அன்று. பிடிபட்ட ஆமை எந்த ஊர்க் காட்டைச் சேர்ந்தது என்பதற்கு அதன் முதுகில் முகவரி இல்லை. வடமேற்கு இந்தியாவின் வழியும் தென்னாட்டு வழியும் மரபணுவில் வேறு. கலந்துவிட்டால் பிரிக்க இயலாது. கூட்டமாக அடைபட்ட ஆமை நோயையும் சுமந்து வரலாம். பெட்டிக்குள் போகாமல் தடுப்பதற்கு ஈடான மருத்துவம் பின்னால் இல்லை.

விடுமுறையில் அந்தச் சாலையில் மூணாறுக்குப் போகும் நண்பர்கள், முதல் மழை பெய்த மாலையில் வண்டியை மெல்ல ஓட்டுங்கள். நட்சத்திர ஆமை வெளியே வரும் வேளை அது. நடுச்சாலையில் கண்டால் உயரத் தூக்கிப் படம் எடுக்கவேண்டா. அஞ்சினால் உடலில் சேர்த்துவைத்த நீரைக் கழித்துவிடும். அந்த வறண்ட நிலத்தில் அடுத்த மழைவரை அதற்கு அந்த நீர் வேண்டும். தரையோடு தரையாகப் பிடித்து, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரோரம் விட்டுவிடுங்கள். வந்த பக்கம் விட்டால், நீங்கள் போனபின் மீண்டும் சாலையைக் கடக்கப் புறப்பட்டுவிடும்.