பிக்கப் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தலாமா?

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகும் விவசாயி ஒருவரின் பிக்கப் வண்டி, தோட்டத்து மண்பாதையில் அடிக்கடி முன்பக்கம் இடித்தது. "முன்னால ரெண்டு அங்குலம் தூக்கிட்டா இடிக்காது, வண்டியும் மட்டமா நிக்கும்" என்றார் பட்டறைக்காரர். அப்படியே உயர்த்தினார்கள். காலியாக ஓட்டியபோது ஒரு குறையும் தெரியவில்லை. முதல் லோடு ஏற்றி இருட்டில் போனபோதுதான் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டின. இறக்கத்தில் ஸ்டீயரிங் லேசாகி, வளைவில் வண்டி சட்டென்று திரும்பவில்லை.

பின்பக்கம் ஏன் உயரம்?

காலி பிக்கப்பின் பின்பக்கம் சற்று உயர்ந்திருப்பது குறை அல்ல. ஏற்றும் பாரத்தில் பெரும்பகுதி பின் அச்சில்தான் இறங்குகிறது. பாரம் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி வண்டி மட்டமாக வேண்டும் என்றே கம்பெனியில் அந்த உயரத்தை விட்டிருக்கிறார்கள். அழகுக்காகக் காலி வண்டியை மட்டமாக்கினால், லோடு ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

நன்மைகள்

முன்பக்கத்தை உயர்த்தினால் வாய்க்கால் மேடு, வரப்பு ஏற்றங்களில் பம்பர் இடிப்பது குறையும். முன் சக்கரத்துக்கு மேலே இடைவெளி கிடைக்கும். பெரும்பாலும் காலியாகவோ, ஒன்றிரண்டு மூட்டையுடனோ கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்கு இது உதவும்.

பாதிப்புகள்

முதலாவது, விளக்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 10 அடி இடைவெளி உள்ள வண்டியில் முன்பக்கத்தை 1 அங்குலம் உயர்த்தினால், 100 அடி தூரத்தில் விளக்கொளி சுமார் 10 அங்குலம் மேலே போகும். 2 அங்குலம் என்றால் சுமார் 20 அங்குலம். எதிரே பைக்கில் வருபவருக்குக் கண் கூசும்.

இரண்டாவது, தேய்மானம். வீல் அலைன்மென்ட் மாறி முன் டயர் ஒரு ஓரமாகத் தேயும். பால் ஜாயின்ட், சாக் அப்சார்பர் போன்றவையும் சீக்கிரம் பழுதாகும்.

மூன்றாவது, சட்டம். ஆர்.சி.யில் உள்ள, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போதும் சிக்கல் வரலாம்.

பின்னால் பட்டை கூட்டினால்?

லோடு ஏற்றும்போது பின்பக்கம் அமுங்குகிறது என்று ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுவதும் வழக்கம். வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் பட்டை கூடியதால் அச்சு, டயர், பிரேக், சேஸ் தாங்கும் அளவு கூடிவிடாது. காலியாக ஓட்டும்போது பின்பக்கம் துள்ளும்; ஈரச் சாலையில் வழுக்கும்.

இதில் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. பல பிக்கப்புகளில் பின் அச்சையும் சேஸையும் இணைத்து ஒரு கம்பி இருக்கும். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பார்த்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை அதனுடன் சேர்ந்த வால்வு முடிவு செய்யும். பட்டை கூட்டினால் பின்பக்கம் அமுங்காது. வண்டி காலி என்று வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழு லோடுடன் இறக்கத்தில் வரும்போது இதன் விலை உயிராக இருக்கலாம்.

களத்தில் ஒரு சோதனை

பட்டறைக்குப் போகும் முன் டயர்களில் சரியான காற்று அடித்து, வண்டியைச் சமமான களத்தில் நிறுத்துங்கள். தொட்டியின் அடி விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று நான்கு மூலையிலும் டேப்பால் அளந்து எழுதுங்கள். வழக்கமான லோடு ஏற்றி, எடைமேடையில் எடை போட்டபின் மீண்டும் அளந்து பாருங்கள்.

● லோடுடன் மட்டமாக நின்றாலோ, பின்பக்கம் சற்று உயர்ந்திருந்தாலோ எதையும் மாற்ற வேண்டாம்.

● அனுமதித்த எடைக்குள்ளேயே பின்பக்கம் தாழ்ந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் பட்டை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய அளவிலேயே புதிய பட்டை போட்டால் போதும்.

● எடை கூடியிருந்தால் லோடைக் குறையுங்கள். அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது சட்டம்.

பாரம் அடுக்கும் முறையும் முக்கியம். அதே 10 அடி கணக்கில், பின் அச்சுக்கு 1 அடி பின்னால் 100 கிலோ வைத்தால் முன் சக்கரத்தில் 10 கிலோ பாரம் குறைகிறது. கனமான பெட்டிகளை கேபினை ஒட்டி அடுக்குங்கள்; இலகுவானவை பின்னால் இருக்கட்டும்.

முன்பக்கத்தை உயர்த்தியே ஆக வேண்டும் என்றால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் கேளுங்கள். வேலை முடிந்ததும் அலைன்மென்ட்டையும் விளக்கையும் லோடு ஏற்றிய நிலையில் சரிபாருங்கள்.

தக்காளி விவசாயி, போட்ட வளையங்களைக் கழற்றிவிட்டார். இடித்த மேட்டைக் கொத்திச் சரிவாக்கி, இரண்டு டிராக்டர் கிராவல் மண் கொட்டினார். இப்போது அவர் வண்டி மட்டுமல்ல, அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களின் வண்டிகளும் இடிக்காமல் போகின்றன.