தலைமையில் பெண்கள் இல்லாமை: ஒரு பொதுச் சுகாதாரக் கேள்வி

உலகெங்கும் மருத்துவ, சமூகநலப் பணிகளில் உழைப்போரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள். அத்துறையின் உயர் பொறுப்புகளிலோ அவர்களின் பங்கு 25 விழுக்காடு மட்டுமே. இது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை தரும் கணக்கு. 1948இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநர் பொறுப்புக்கு ஒரு பெண் வர ஐம்பது ஆண்டுகள் ஆயின. நார்வேயின் முன்னாள் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் 1998இல் அப்பொறுப்பை ஏற்றார்.

இந்தியாவின் ஆஷா பணியாளர்களின் நிலை இந்த முரணைத் தெளிவாகக் காட்டுகிறது. ஏறத்தாழ பத்து லட்சம் பெண்களான இவர்களுக்கு அதே நிறுவனம் 2022இல் உலக சுகாதாரத் தலைவர்களுக்கான விருதை வழங்கியது. ஆனால் அரசின் பார்வையில் அவர்கள் தன்னார்வலர்களே. அவர்கள் பெறுவது ஊக்கத்தொகை, ஊதியமன்று. வீடு வீடாகச் சென்று நோயைக் கண்டறியும் இப்பெண்களுக்குத் திட்டம் தீட்டும் இடத்தில் இருக்கை இல்லை.

இதனைப் பெண்களின் முன்னேற்றம் பற்றிய கேள்வியாக மட்டும் சுருக்கிவிட இயலாது. நிதியை எதற்கு ஒதுக்குவது, எந்த நோயை ஆராய்வது, மருந்தின் அளவை எவருடைய உடலைக் கொண்டு வரையறுப்பது என்பவற்றைத் தலைமையே தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 1977இல் வெளியான அரசு வழிகாட்டுதல், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்கிவைத்தது. அது 1993இல்தான் கைவிடப்பட்டது.

தலைமை மாறினால் நிலைமை மாறுமா? மாறும் என்பதற்கு இந்திய ஊராட்சிகளிலேயே சான்று உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் இதன் விளைவை ஆராய்ந்த ராகபேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ ஆகியோரின் ஆய்வு 2004இல் வெளியானது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டதை அது கண்டறிந்தது. எந்த ஊராட்சியை ஒதுக்குவது என்பதில் எவருடைய விருப்பமும் செயல்படாததால், இவ்வேறுபாட்டுக்குக் காரணம் ஒதுக்கீடே என்று ஆய்வாளர்களால் சொல்ல முடிந்தது. குடிநீர் வந்தால் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையும். பெண்களின் தலைச்சுமையும் குறையும்.

ஆயினும் ‘பெண்கள்’ என்னும் பொதுச்சொல்லுக்குள் சாதி மறைந்துவிடுகிறது. இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது, ஆதிக்கச் சாதிப் பெண்களின் சராசரியைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் சுட்டிக்காட்டியது. தூய குடிநீர், கழிப்பறை, மருத்துவம் ஆகியவை கிடைக்காமையே இத்தகைய இழப்பின் வேர். உயர் பதவியில் இருப்போரை ஆண், பெண் என்று மட்டும் எண்ணும் கணக்குகளில் இந்த இடைவெளி தென்படாது.

பதவி கிடைத்தாலும் அதிகாரம் கிடைத்துவிடுவதில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவரான தலித் பெண், ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்தனர். தரையில் அமர்த்தப்படும் தலைவர், தன் மக்கள் வாழும் பகுதிக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்று எப்படித் தீர்மானம் நிறைவேற்றுவார்? பட்டியல் சாதியினரான ஊராட்சிப் பிரதிநிதிகள் கடமையாற்றுவதைத் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். இச்சட்டத்தை முறையாகச் செயல்படுத்துவதும் பொதுச் சுகாதாரப் பணியே.

எனவே கோரிக்கைகளும் தெளிவாக இருக்க வேண்டும். சுகாதாரத் துறையின் உயர் பொறுப்புகள் பற்றிய கணக்குகள் பாலினத்துடன் சாதியையும் பதிவு செய்ய வேண்டும். ஆஷா பணியாளர்களுக்குத் தொழிலாளர் தகுதியும் திட்டக் குழுக்களில் இடமும் வேண்டும். தலித் பெண் தலைவர்கள் நிதியையும் தீர்மானங்களையும் தாமே கையாளும் நிலை உறுதிசெய்யப்பட வேண்டும். உலக அரங்கில் எத்தனை பெண்கள் அமர்கிறார்கள் என்று கேட்போர், அவர்கள் எந்தப் பெண்கள் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.