வலைத்தளம் யாருக்குச் சொந்தம்?

தொழில்முறை வலைத்தளம் ஒன்று திட்டமிடல், வடிவமைப்பு, கட்டமைப்பு, சோதனை, வெளியீடு என்ற வரிசையில் உருவாகிறது. கடலூர் மாவட்டத்தில் குமராட்சி வட்டாரத்து அரிசி ஆலையானாலும் சிதம்பரத்துத் தங்கும் விடுதியானாலும், எது யார் பெயரில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான தகராறுகள் எழாது.

திட்டமிடல்

எத்தனை பக்கங்கள், தமிழா ஆங்கிலமா இரண்டுமா, ஆன்லைனில் பணம் வாங்கும் வசதி வேண்டுமா, எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தருவார்கள் என்பவை கொட்டேஷனிலேயே இடம்பெற வேண்டும். 18 சதவீத ஜிஎஸ்டி தொகைக்குள் அடக்கமா, தனியா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஆனால் அதை நிரூபிப்பது கடினம். மொத்தத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காமல், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு தவணை என்று எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

டொமைன்

அதிகச் சிக்கல் வருவது இங்கேதான். வடிவமைப்பாளர் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் தளத்தின் இணைய முகவரியான டொமைனைப் பதிவு செய்துவிட்டால், பணம் கொடுத்தவர் பதிவேட்டில் உரிமையாளராக இருக்க மாட்டார். ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் பெயர் கைமாறவும் கூடும். எனவே டொமைன், தளத்தின் கோப்புகளை வைக்கும் ஹோஸ்டிங் இரண்டையும் நிறுவனத்தின் பெயரிலும், உரிமையாளரின் சொந்த மின்னஞ்சல், கைபேசி எண்ணிலுமே பதிய வேண்டும். '.இன்' பெயர்களை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பு, தீய நோக்கத்துடன் பதியப்பட்ட பெயர்களுக்கு எதிராக நடுவர் முறையை வைத்திருக்கிறது.

வடிவமைப்பு

முழுத் தொகையைக் கொடுத்துவிட்டால் பதிப்புரிமையும் வந்துவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து வேலை செய்பவர் எழுதிய நிரலுக்கு முதல் உரிமையாளர் அவரே. எழுத்து மூலமாக மாற்றித் தந்தால்தான் உரிமை கைமாறும். அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். இணையத்தில் கிடைத்த படங்களை அனுமதியின்றிப் போட்டால், தளத்தின் உரிமையாளருக்கே நோட்டீஸ் வரக்கூடும்.

கட்டமைப்பும் சோதனையும்

பெயர், கைபேசி எண் கேட்கும் படிவம் இருந்தால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். எதற்காகத் தகவல் வாங்கப்படுகிறது என்று தெரிவித்து ஒப்புதல் பெறுவது அதன் அடிப்படை. 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. வாடிக்கையாளரின் கார்டு எண்ணை வணிகர் சேமித்து வைப்பதை ரிசர்வ் வங்கி தடை செய்துள்ளது. வெளியிடும் முன் சாதாரணக் கைபேசியிலும் வேகம் குறைந்த இணைப்பிலும் தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். தமிழ் எழுத்து, பணப் பரிமாற்றம், படிவம் மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

வெளியீடு

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் நிர்வாகி கடவுச்சொல், ஹோஸ்டிங் கணக்கு, நிரலின் முழு நகல், பேக்கப் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு, கடவுச்சொற்களை உடனே மாற்ற வேண்டும். பராமரிப்புக்குத் தனி ஒப்பந்தம் நல்லது.

தீர்வு

வேலை முடியாமல் நின்றால் முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கான தளமென்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம்; வழிகாட்டுதலுக்கு 1915 எண்ணை அழைக்கலாம். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்காது; அதற்கு மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். தளத்தை முடக்கிப் பணம் கேட்டு மிரட்டினால் சைபர் குற்றப் பிரிவில் புகார் செய்யலாம்.

வடிவமைப்பாளருக்கும் பாதுகாப்பு உண்டு. குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு பெற்றவருக்கு, வேலை ஏற்கப்பட்டதிலிருந்து அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் கூட்டு வட்டி சேரும். பெண்கள், பட்டியல் இனத்தவர், வருமான வரம்புக்குக் கீழுள்ளோர் 15100 எண்ணை அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம்.