சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

தலைப்பிலுள்ள பழமொழியை நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்திருப்போம். வாங்கும் பொருளின் விலையைவிட அதை வீட்டுக்குக் கொண்டு வரும் செலவு அதிகமாகிவிட்டது என்பதே அதன் கருத்து. இன்று வெளிநாட்டிலிருந்து சரக்கு இறக்கும் நம் சிறு வியாபாரிகள் பலரின் நிலையும் இதுதான். ஆனால், அவர்கள் நினைப்பதுபோல் இதற்குக் காரணம் கப்பல் கட்டணம் மட்டுமல்ல. சரியாக எழுதப்படாத தாள்களே பெரும்பாலும் சுமைகூலியை ஏற்றிவிடுகின்றன. அது எப்படி என்பதை எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் ஜொகூரில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் மாநிலத்தில் இரண்டு பெரிய துறைமுகங்கள் உள்ளன. பாசீர் கூடாங்கில் உள்ள ஜொகூர் துறைமுகம் 1977-ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கியது. செம்பனை எண்ணெய் ஏற்றுமதிக்கு அது பெயர் பெற்றது. தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் 2000-ஆம் ஆண்டில் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் 2002-இல் எவர்கிரீன் நிறுவனமும் சிங்கப்பூரிலிருந்து அங்கு இடம் மாறியது அன்று பெரும் செய்தியாக இருந்தது. இவை போக, ஜொகூர் பாலமும் 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாவது இணைப்புப் பாலமும் சிங்கப்பூருக்குச் செல்லும் லோரிகளுக்கு வழிவிடுகின்றன. இத்தனை வாசல்கள் இருந்தும், அவற்றின் விதிமுறைகளை அறிந்தவர்கள் நம்மிடையே சிலரே.

பழைய துறைமுகத்திலும் சுங்கம்

சுங்கம் என்பது ஆங்கிலேயர் கொண்டு வந்த ஒன்று எனச் சிலர் எண்ணுகின்றனர். காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்கிய பண்டங்களுக்குச் சுங்கம் வாங்கி, சோழரின் புலி முத்திரையைப் பொறித்த அதிகாரிகளைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. சுங்கப் பொருளை 'உல்கு' என்று திருக்குறள் குறிப்பிடுகின்றது. பண்டத்தை எண்ணுவது, மதிப்பிடுவது, முத்திரையிடுவது ஆகிய மூன்று வேலைகளும் இன்றும் மாறவில்லை. முத்திரை மட்டும் கணினிக்குள் போய்விட்டது.

கப்பல் கட்டணம் என்பது ஒரு கட்டணமா?

கடல்வழியாகச் சரக்கு அனுப்ப இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, முழுக் கொள்கலனை எடுத்துக்கொள்வது. 20 அடிக் கொள்கலனின் உட்பகுதி ஏறக்குறைய 33 கன மீட்டர். 40 அடிக் கொள்கலன் ஏறக்குறைய 67 கன மீட்டர். மற்றொன்று, பலருடைய சரக்குகளோடு ஒரே கொள்கலனில் இடம் பிடிப்பது. இதில் ஒரு கன மீட்டர், அல்லது ஒரு டன், இவ்விரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 300 கிலோ அப்பளம் 2 கன மீட்டர் இடத்தை அடைத்தால் 2 அலகுக்குப் பணம் கட்ட வேண்டும். இரண்டரை டன் பித்தளைச் சாமான் ஒரு கன மீட்டரில் அடங்கினாலும் இரண்டரை அலகுக்குக் கட்ட வேண்டும்.

இந்தக் கடல் கட்டணத்தோடு கணக்கு முடிவதில்லை. துறைமுகத்தில் கொள்கலனை ஏற்றி இறக்கும் கட்டணம், சரக்கு விடுவிப்பு ஆணைக்கான கட்டணம், முகவர் கூலி, லோரி வாடகை என ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து சேரும். ஆகவே, விற்பவர் "கப்பல் செலவு என்னுடையது" என்று சொன்னவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. அவர் ஏற்பது பெரும்பாலும் நம் துறைமுகம் வரையிலான செலவு மட்டுமே. இறங்கிய பிறகு வரும் செலவு வாங்குபவரின் தலையில்தான் விழும். யார் எதுவரை பொறுப்பு என்பதை வரையறுக்க, அனைத்துலக வர்த்தக சபை 1936-ஆம் ஆண்டு முதல் 'இன்கோடெர்ம்ஸ்' என்னும் விதிகளை வெளியிட்டு வருகின்றது. 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 விதிகள் உள்ளன. விலை பேசும்போதே எந்த விதி என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

குறியீடு, மதிப்பு, பிறப்பிடம்

சரக்கை இறக்குமதி செய்ய கே1 படிவமும், ஏற்றுமதி செய்ய கே2 படிவமும் அரச மலேசிய சுங்கத்துறையிடம் அளிக்கப்பட வேண்டும். இன்று இவை கணினி வழியே அனுப்பப்படுகின்றன. இவற்றில் மூன்று விவரங்கள் உயிர்நாடி போன்றவை.

முதலாவது, குறியீடு. உலகிலுள்ள எல்லாப் பண்டங்களுக்கும் எண் கொடுக்கும் முறை 1988-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் 6 இலக்கங்கள் உலகெங்கும் ஒன்றே. மலேசியாவில் 10 இலக்கம் வரை எழுதுகிறோம். எவர்சில்வர் சமையல் பாத்திரம் 7323 என்ற தலைப்பில் வரும். அதே வடிவில் பித்தளைப் பாத்திரம் 7418. அலுமினியம் என்றால் 7615. பார்வைக்கு ஒரே குடம்தான், எண்ணோ மூன்று. எண் மாறினால் வரியும் மாறலாம், பெர்மிட்டும் மாறலாம்.

இரண்டாவது, மதிப்பு. மலேசியாவில் இறக்குமதி வரி, பொருளின் விலையோடு கப்பல் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு விதிக்கப்படுகின்றது. அதன்பின் அத்தொகையையும் வரியையும் கூட்டி, அதற்கு மேல் விற்பனை வரி கணக்கிடப்படும்.

மூன்றாவது, பிறப்பிடம். ஆசியான்-இந்தியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2010-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் நடப்புக்கு வந்தது. அதன்கீழ் வரும் பொருள்களுக்கு, இந்தியாவில் வழங்கப்படும் 'ஏஐ படிவம்' என்ற பிறப்பிடச் சான்றிதழ் இருந்தால் வரி குறையும் அல்லது அறவே இராது. எல்லாப் பொருளும் இதில் அடங்காது என்பதால் முன்கூட்டியே பட்டியலைப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பொருளின் விலை 46,800 வெள்ளி, கப்பல் கட்டணம் 3,000, காப்புறுதி 200. மொத்தம் 50,000 வெள்ளி. இறக்குமதி வரி 20 விழுக்காடு என்றால் 10,000 வெள்ளி. விற்பனை வரி 10 விழுக்காடு என்றால், 60,000 வெள்ளிக்கு 6,000. ஆக, கட்ட வேண்டியது 16,000 வெள்ளி. அதே சரக்குக்கு ஏஐ படிவத்தால் இறக்குமதி வரி நீங்கினால், விற்பனை வரி 5,000 வெள்ளி மட்டுமே. மிச்சம் 11,000 வெள்ளி! கப்பல் கட்டணமோ வெறும் 3,000. கப்பல்காரரிடம் 200 வெள்ளி குறைக்கச் சொல்லி ஒரு வாரம் பேரம் பேசும் நாம், 11,000 வெள்ளி பெறுமானமுள்ள ஒரு தாளை மறந்துவிடுகிறோம்.

கடலில் நடப்பதும் இந்தக் கணக்கைப் பாதிக்கும். 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கிக்கொண்டது. பெருந்தொற்றுக் காலமான அதே ஆண்டு செப்டம்பரில், 40 அடிக் கொள்கலனுக்கான உலகச் சராசரிக் கட்டணம் 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. 2023-இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால், பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்றன. மேற்கண்ட கணக்கில் கப்பல் கட்டணம் 3,000 வெள்ளி கூடினால், வரியும் 960 வெள்ளி கூடும். கட்டணம் ஏறும்போது வரியும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறுகின்றது.

தாள் தாமதித்தால்

இரண்டாம் ஆண்டு முடிவில், சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் மூன்று மாதம் தொழிற்பயிற்சி மேற்கொண்டேன். தீபாவளிக்கு முன் ஒரு கடைக்காரரின் 20 அடிக் கொள்கலன் சென்னையிலிருந்து வந்திறங்கியது. பித்தளை விளக்கு, எவர்சில்வர் பாத்திரம், முறுக்கு அச்சு எனப் பலவும் அதில் இருந்தன. விற்பவர் அனுப்பிய விலைப்பட்டியலோ, எல்லாவற்றையும் 'வீட்டு உபயோகப் பொருள்கள்' என்று ஒரே வரியில் முடித்திருந்தது. பெட்டிகளின் எண்ணிக்கையும் பொதிப் பட்டியலோடு ஒத்துவரவில்லை. ஏஐ படிவம் அப்போதுதான் கூரியரில் வந்துகொண்டிருந்தது. விவரம் கேட்டு, திருத்தி, மறுபடியும் அனுப்புவதற்குள் பதினொரு நாள் ஓடிவிட்டது.

துறைமுகத்தில் சில நாள்கள் மட்டுமே இலவசம். அதன்பின் இடத்திற்கு வாடகை துறைமுகத்திற்கு. கொள்கலனை வைத்திருப்பதற்குத் தாமதக் கட்டணம் கப்பல் நிறுவனத்திற்கு. வெறும் கொள்கலனைத் திருப்பித் தருவதில் சுணங்கினால் அதற்கும் தனிக் கட்டணம். அந்தக் கடைக்காரர் கட்டிய தாமதச் செலவு, சென்னையிலிருந்து வந்த கப்பல் கட்டணத்தை மிஞ்சிவிட்டது. "தம்பி, பணம் போனாப் போகட்டும். தீபாவளிக்குப் பிறகு வர்ற விளக்க அடுத்த தீபாவளிக்குத்தான் விக்கணும்" என்றார் அவர். சரக்கு பண்டிகைக்கு நான்கு நாள் முன்னதாக அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. பாதிக்கு மேல் விற்காமல் தேங்கியது.

குறைத்துக் காட்டலாமா?

"விலையைக் குறைத்துப் போடச் சொல், வரி மிச்சமாகும்" என்று அறிவுரை கூறுவோர் உண்டு. 1967-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின்கீழ் பொய்யான அறிவிப்பு குற்றமாகும். அபராதமும் சிறையும் விதிக்கப்படலாம். சரக்கு வெளியே வந்துவிட்டால் தப்பித்தோம் என்பதும் தவறு. சுங்கத்துறை பின்னர் வந்து கணக்கேடுகளைத் தணிக்கை செய்யலாம். அதற்காகவே ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். படிவத்தைப் பூர்த்தி செய்வது முகவர்தான். ஆனால், விடுபட்ட வரியைக் கேட்டு வரும் கடிதம் இறக்குமதி செய்தவரின் பெயருக்கே வரும். அதோடு, குறைத்துக் காட்டிய சரக்கு கடலில் சேதமானால் காப்புறுதியும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

ஏற்றுமதிக்கும் இதுவே நியதி. ஸ்கூடாயில் முறுக்கு சுட்டுச் சிங்கப்பூருக்கு அனுப்பும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். இங்கே கே2 படிவம் தேவை. அங்கே வாங்குபவர் உணவு இறக்குமதிக்கான உரிமமும் சுங்கப் பெர்மிட்டும் பெற்றிருக்க வேண்டும். சிங்கப்பூரில் முறுக்குக்கு இறக்குமதி வரி இல்லை; ஆனால் 2024 முதல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. இவற்றில் ஒன்று குறைந்தாலும், லோரி பாலத்தருகே நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் இலாபம் கரையும்.

செய்ய வேண்டியவை

சரக்கு கப்பலேறும் முன்னரே விலைப்பட்டியலையும் பொதிப் பட்டியலையும் வரவழைத்து முகவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு பொருளும் எதனால் ஆனது, எத்தனை, என்ன விலை என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். உணவு, செடி விதை, மின்சாதனம் ஆகியவற்றுக்குச் சுகாதார அமைச்சு, சிரிம் போன்ற அமைப்புகளின் அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். குறியீட்டில் ஐயம் இருந்தால் சுங்கத்துறையிடமே எழுத்துப்பூர்வமாக முன்தீர்ப்புக் கேட்கலாம். சட்டம் அதற்கு இடமளிக்கின்றது. இலவச நாள்கள் எத்தனை என்பதை முன்பே அறிந்து, லோரிக்கும் சொல்லி வையுங்கள்.

நண்பர்களே, சுங்கப் படிவங்களும் அறிவிப்புகளும் மலாயில் உள்ளன. கப்பல் நிறுவனத்தின் கடிதங்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. நம் வியாபாரிகளோ தமிழில் கணக்கெழுதிப் பழகியவர்கள். இம்மூன்று மொழிகளையும் படித்த தலைமுறை நாம். தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசியப் பள்ளி வழியாக இங்கு வந்த நமக்கு, இந்த இடைவெளியை நிரப்பும் தகுதி உண்டு. பொருளியல், கணக்கியல், சட்டம் பயிலும் மாணவர்கள் சுங்க முகவர் துறையையும் ஒரு தொழிலாக எண்ணிப் பார்க்க வேண்டும். அது முடியாதவர்கள், தம் ஊரிலுள்ள ஒரு கடைக்காரரின் விலைப்பட்டியலை அடுத்த தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பாக ஒருமுறை படித்துச் சொன்னாலே போதும். அவருடைய சுமைகூலி கால் பணமாகக் குறையாவிட்டாலும், முக்கால் பணமாக ஏறாமல் இருக்கும்.