இடமும் வலமும்

தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தின் நடைமேடையில் கிழக்கு நோக்கி நிற்பவர், கண்களை மூடிக்கொண்டாலும் மின்தொடர்வண்டி எத்திசையில் செல்கிறது என்பதைச் சொல்லிவிடுவார். வலப்பக்கம் பெருங்களத்தூரிலிருந்து மெல்ல எழும் இரைச்சல், எதிரே வந்து பெருகி, இடப்பக்கம் சானடோரியம் நோக்கித் தேய்ந்து மறையும். இந்நகர்வை உணர்த்துவன இரு காதுகள். அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவுதான். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைத் தொட்டபின் மறு காதைத் தொட, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டிலும் குறைந்த நேரமே ஆகிறது. தலை இடையே மறைப்பதால் ஒலியின் வலிமையும் சிறிது குன்றுகிறது. இந்த நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையை அறிகிறது.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் வெளிவந்ததும் அவ்வாண்டே. அதே ஆண்டு டிசம்பரில் ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், இரு தடங்களில் ஒலியைப் பதிவுசெய்யும் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். திரையில் நடிகர் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தாலும், அவர் குரல் மட்டும் ஒரே இடத்தில் நின்றுவிடுவது அவருக்குக் குறையாகப் பட்டது. தம் முறையைச் சோதிக்க 1935 இல் அவர் படமாக்கியவற்றுள் ஒன்று, ஹேய்ஸ் நிலையத்தைக் கடந்து செல்லும் தொடர்வண்டிகளின் காட்சியாகும். ஒலியின் நகர்வைக் காட்டத் தொடர்வண்டியைவிடப் பொருத்தமான நடிகர் வேறு யார்? அம்முறையே இன்று ஸ்டீரியோ எனப்படுகிறது. இளையராஜா இசையமைத்து 1978 இல் வெளிவந்த பிரியா படத்தின் பாடல்கள், தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோ ஒலிப்பதிவின் முன்னோடியாகச் சுட்டப்படுகின்றன.

பேனும் பேலன்சும்

குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர்ப் பகுதிகளில் பள்ளி ஆண்டுவிழாவோ திருமண வரவேற்போ நடைபெறும் அரங்கின் ஓரத்தில், மிக்சர் எனப்படும் ஒலிக்கலவைக் கருவியை இன்று காணலாம். ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் அதில் ஒரு தடம் உண்டு. ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் அத்தடத்தின் அடியிலும், பேன் என்னும் திருகுகுமிழ் அதற்குச் சற்று மேலேயும் அமைந்திருக்கும். இவை ஒற்றைத் தடங்கள். இவற்றை அடுத்து ஸ்டீரியோ தடங்கள் சில இருக்கும். அவற்றில் இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக இரு உள்ளீடுகள் உண்டு. ஆயினும் இரண்டையும் ஆள்வது ஒரே ஃபேடர்தான். பேன் இருந்த இடத்தில் அங்கே பேலன்ஸ் என்னும் குமிழ் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பணியோ வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையால் நேரும் பிழைகள் பல.

சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம் ஆகியவை ஏரிகளின் ஊர்கள். வயல்களுக்கு நீர் பாய்ந்த நாளை எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஒரே மதகிலிருந்து வரும் நீர் ஓரிடத்தில் இரு வாய்க்கால்களாகப் பிரிகிறது. பிரியுமிடத்தில் நிற்கும் பலகையை ஒருபுறம் சாய்த்தால் மறுபுறத்துக்கு நீர் மிகுதியாகச் செல்லும். இது பேன். ஒரே ஒலியை இடத்துக்கும் வலத்துக்கும் அது பங்கிடுகிறது. நடுவில் நிறுத்தினால், பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 3 டெசிபல் குறைவாக, அதாவது பாதியளவு ஆற்றலே செல்லும்.

பேலன்ஸ் அத்தகையதன்று. இரண்டு ஏரிகள், இரண்டு வாய்க்கால்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதகு. குமிழை இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்க மதகு மூடத் தொடங்கும், அவ்வளவே. வல ஏரியின் நீர் இட வாய்க்காலுக்கு வந்துவிடாது. ஒரு பாடலில் வயலின் முழுவதும் வலப்பக்கத்தில் பதிவாகியிருக்கிறது எனக் கொள்வோம். பாடலை இடப்பக்கம் நகர்த்தும் எண்ணத்துடன் பேலன்சைக் கடைசிவரை திருப்பினால், வயலின் இடம் பெயர்வதில்லை, மறைந்தே போகிறது.

காணாமற்போன பாடகர்

ஆண்டுவிழாக்களில் அவ்வப்போது நேரும் விந்தை ஒன்று உண்டு. மாணவர்கள் நடனத்துக்கு ஆயத்தமாக மேடையில் நிற்கின்றனர். கைப்பேசியிலிருந்து பாடலை ஒலிக்கச் செய்கின்றனர். பக்கவாட்டில் பதிவான கருவிகள் ஒலிக்கின்றன. எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலியும் கேட்கிறது. பாடகரின் குரலை மட்டும் காணோம். ஒலியளவைக் கூட்டினாலும் பயனில்லை. கைப்பேசி பழுது என்பார் ஒருவர். பாட்டைப் பதிவிறக்கியதில் கோளாறு என்பார் மற்றொருவர். பழுது இரண்டிலும் இல்லை.

கைப்பேசியில் செருகும் ஸ்டீரியோ பின்னில் மூன்று பகுதிகள் உள்ளன. முனை இடப்பக்க ஒலியையும், நடு வளையம் வலப்பக்க ஒலியையும் தாங்கும். அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான தரையிணைப்பு. மிக்சரின் ஒற்றைத் தடத்து உள்ளீடும் மூன்று பகுதி கொண்ட பின்னையே ஏற்கும். ஆனால் அதன் நோக்கம் வேறு. மேடையிலிருந்து நெடுந்தொலைவு வரும் கம்பியில், அருகிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலும் கலந்துவிடும். ஆகவே ஒரே ஒலி, ஒன்றற்கொன்று தலைகீழாக இரு கம்பிகளில் அனுப்பப்படுகிறது. வழியில் புகும் இரைச்சலோ இரண்டிலும் ஒரேபோல் புகும். உள்ளீடு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் நீங்க, ஒலி நிலைக்கும். சிறந்த ஏற்பாடுதான்.

இந்த உள்ளீட்டில் கைப்பேசியின் பின்னைச் செருகினால், அது இடத்திலிருந்து வலத்தைக் கழித்துவிடுகிறது. பாடகரின் குரல் பொதுவாக நடுவில், அதாவது இரு பக்கத்திலும் சம அளவில் பதிவாகியிருக்கும். சமமானவற்றைக் கழித்தால் எஞ்சுவது சுழி. பாடகரை அழித்தது இந்தக் கழித்தல் கணக்கே. பாடலிலிருந்து குரலை நீக்கித் தரும் சில பழைய கரோக்கே கருவிகள் இதே கணக்கை வேண்டுமென்றே செய்தன என்பது சுவையான செய்தி.

ஒரு முனையில் ஸ்டீரியோ பின்னும் மறு முனையில் இரண்டு மோனோ பின்களும் உள்ள கம்பியைக் கொண்டு, இடத்தையும் வலத்தையும் ஸ்டீரியோ தடத்தின் இரு உள்ளீடுகளிலும் தனித்தனியே செருகுவதே இதற்குத் தீர்வு. அங்கும் ஒரு கவனம் தேவை. பல மிக்சர்களில் இட உள்ளீட்டில் மட்டும் செருகினால், அவ்வொலி இரு பக்கத்துக்கும் செல்லுமாறு அமைக்கப்பட்டுள்ளது. வலப்பக்கப் பின் செருகப்படாமல் விடுபட்டாலும் இரு ஒலிபெருக்கிகளும் முழங்கிக்கொண்டே இருக்கும். பாட்டில் பாதி இல்லை என்பது எளிதில் புலப்படாது.

ஓரத்து இருக்கை

வீட்டில் ஹெட்போன் அணிந்து கேட்பவருக்கு ஸ்டீரியோ ஒரு விருந்து. அரங்கிலோ நிலைமை வேறு. மேடையின் இருபுறமும் ஒலிபெருக்கிகள் நிற்க, இடப்பக்கச் சுவரோரம் அமர்ந்திருப்பவர் இட ஒலிபெருக்கிக்கு 10 மீட்டர் அணுக்கமாக இருக்கலாம். வலப்பக்க ஒலி ஏறத்தாழ நொடியில் நூற்றில் மூன்று பங்கு தாமதமாகவும் வலிமை குன்றியும் அவரை அடையும். இரு பக்கமும் ஒரே ஒலி வந்தால், முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே மூளை ஏற்கும்; எனவே நடுவில் இருக்க வேண்டிய குரலும் அவருக்கு இடச் சுவரிலிருந்து வருவதாகவே தோன்றும். வலத்தில் மட்டும் பதிவான வயலினோ, இடப்பக்க முழக்கத்தில் அமிழ்ந்துவிடும்.

நடுவில் அமர்ந்த சிலருக்கு இட வலப் பொலிவைத் தந்துவிட்டு, ஓரங்களில் அமர்ந்த பலருக்குப் பாட்டின் பாதியைத் தருவது முறையான ஒலியமைப்பாகாது. எனவே தேர்ந்த ஒலியமைப்பாளர், பேச்சுக்கும் பாட்டுக்குமான ஒலிவாங்கிகளின் பேன்களை நடுவிலேயே நிறுத்துவார். பதிவுசெய்த பாடலுக்கு ஸ்டீரியோ தடத்தை விடுத்து, இரண்டு ஒற்றைத் தடங்களைப் பயன்படுத்துவாரும் உளர். அவ்வாறு செய்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் பேன் கிடைக்கிறது. அவற்றைக் கடைக்கோடியில் விடாமல், கடிகார முள் பத்து மணியையும் இரண்டு மணியையும் காட்டும் நிலைக்குக் கொண்டுவந்தால், அகலம் சற்றுக் குறையும். ஆயினும் வயலின் இரு சுவரோரங்களிலும் கேட்கும்.

வானொலியில்

கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகம் 2004 இல் 90.4 மெகாஹெர்ட்சு அலைவரிசையில் தன் சமுதாய வானொலியைத் தொடங்கியது. இத்தகைய நிலையங்களில் நிகழ்ச்சி தயாரிக்கும் மாணவர், ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட சிறு பெட்டியில் கேட்கும் இல்லத்தரசியையும் தையற்கடைக்காரரையும் மனத்தில் கொள்ள வேண்டியுள்ளது. ஸ்டீரியோ பண்பலை ஒலிபரப்பில் இடமும் வலமும் அப்படியே அனுப்பப்படுவதில்லை. இரண்டின் கூட்டல் முதன்மை ஒலியாகவும், இரண்டின் கழித்தல் 38 கிலோஹெர்ட்சு துணை அலையில் ஏற்றப்பட்டும் செல்கின்றன. ஸ்டீரியோ பெட்டி இவ்விரண்டையும் கொண்டு இடத்தையும் வலத்தையும் மீட்டெடுக்கும். சிறு பெட்டி கூட்டலை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அலையின் வலிமை குன்றிய எல்லைப் பகுதிகளில் ஸ்டீரியோ பெட்டிகள் பலவும் ஒற்றை ஒலிக்கே திரும்பிவிடும்.

நிலையத்திலுள்ள கம்பி ஒன்றில் இரு இழைகள் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தால், ஒரு பக்க ஒலி தலைகீழாகிவிடும். ஹெட்போனில் கேட்பவருக்குக் குரல் திசையற்று மிதப்பதாகத் தோன்றும். சிலர் அதையே புதுமை எனவும் கருதக்கூடும். சிறு பெட்டியிலோ, கூட்டலில் குரல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இதனாலேயே பல மிக்சர்களிலும் ஒலிப்பதிவு மென்பொருள்களிலும் மோனோ என்னும் பொத்தான் உள்ளது. ஒலிப்பதிவாளர் அதை அழுத்தி, இடத்தையும் வலத்தையும் ஒன்றாக்கி, ஒரேயொரு சிறிய ஒலிபெருக்கியில் நிகழ்ச்சியைத் தொடக்கம் முதல் கேட்பார். குரல் குன்றாமல் நின்றால் ஒலிபரப்புக்கு அனுப்புவார். குன்றினால் கம்பிகளைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்குவார்.